விமானமேறும் வரிசை

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பந்தியில் முந்தியவனுக்குச் சூடான சோறும் குறைவில்லாத கறியும் கிடைக்கும். பிந்தியவன் அடுத்த பந்தி வரையிற் காத்திருக்க வேண்டும். ஆகவே, பந்திக்கு முந்துவதிற் பயன் உண்டு என்பது வெளிப்படை. ஆனால், ஆகாய விமானத்தில் முந்தி ஏறுபவனுக்குக் கிடைக்கும் பயன் யாது? அவனுடைய ஆசனத்தின் இலக்கம் பெரும்பாலும் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அவன் முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் விமானம் புறப்படுவது ஒரே நேரத்திலேதான்; போய்ச் சேருவதும் ஒரே நேரத்திலேதான். ஒடுங்கிய ஆசனத்தில் மற்றவர்களிலும் பார்க்க அரை மணி நேரம் கூடுதலாக முழங்காலை மடக்கிக்கொண்டு இருப்பதே முந்தி ஏறியவன் கண்ட பலன். அப்படியிருந்தும், உலகின் விமான நிலையங்களில் வாயில் திறக்கு முன்னரே மக்கள் எழுந்து வரிசை பிடிக்கின்றனர். அவ்வரிசையில் முன்னே நிற்பதற்காகப் பயணக் கட்டணத்துக்கு மேலாகப் பணமும் கொடுக்கின்றனர்.

இவ்விந்தையின் காரணத்தை அறிய விரும்புவோர், பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்தின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாறு நூறு ஆண்டுகளைச் சிறிதே தாண்டியது. அக்குறுகிய காலத்துக்குள், முதலில் ஏறுவதற்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு உலகம் பல விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. முந்தி வந்தவர் என்பது ஒரு விடை. உதவி தேவைப்படுபவர் என்பது இன்னொன்று. அடிக்கடி வருபவர் என்பது மூன்றாவது. கூடுதலாகப் பணம் தருபவர் என்பது நான்காவது. இந்நான்கு விடைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்த கதையே விமானமேறும் வரிசையின் கதை.

சிறகுடைய விமானத்தைக் கொண்டு, நேர அட்டவணைப்படி பிரயாணிகளை ஏற்றிச் சென்ற முதலாவது சேவை 1914ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1ஆந் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆரம்பமாயிற்று. அங்கே சென்ட் பீட்டர்ஸ்பேர்க் நகருக்கும் டாம்பா நகருக்கும் இடையில் ஒரு வளைகுடா கிடக்கிறது. புகையிரதத்தில் அதனைச் சுற்றிச் செல்வதற்குப் பல மணி நேரம் பிடித்தது. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் படகு விமானம் ஒன்று அந்த வளைகுடாவை 23 நிமிடத்திற் கடந்தது. விமானியின் பெயர் டோனி ஜானஸ். திறந்த விமானத்தில் அவர் அருகே ஒரேயொருவர் மாத்திரமே அமர முடியும். வழக்கமான கட்டணம் 5 டொலர். பிரயாணியும் அவருடைய பொதியும் சேர்ந்து 200 இறாத்தலுக்கு மேற்பட்டால் மேலதிகக் கட்டணம் அறவிடப்பட்டது.

முதல் நாட் பயணத்துக்குரிய அந்த ஒரேயோர் ஆசனம் மட்டும் 5 டொலருக்குக் கொடுக்கப்படவில்லை. அது பலர் முன்னிலையில் ஏலத்தில் விடப்பட்டது. சென்ட் பீட்டர்ஸ்பேர்க் நகரத்தின் முன்னாள் மேயர் ஏப்ரஹாம் பைல் என்பவர் 400 டொலர் கொடுத்து அதனைப் பெற்றார். எண்பது மடங்கு விலை! அடுத்த பயணத்திற் சென்றவரும் அதே வளைகுடாவையே கடந்தார். அதே காற்றையே சுவாசித்தார். எனினும், முதல்வனாகச் செல்லும் பெருமைக்கு 395 டொலர் மேலதிகமாகக் கொடுக்க ஒருவர் முன்வந்தார். அந்தச் சேவை ஏறக்குறைய நான்கு மாதங்களே நடைபெற்றது. ஆயினும், விமானப் பிரயாணத்தில் முந்துவதற்கு விலையுண்டு என்பது அச்சேவையின் முதல் நாளிலேயே தெரியவந்துவிட்டது.

அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, ஏறும் வரிசையைப் பற்றிக் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கவில்லை. விமானங்கள் சிறியவை, பிரயாணிகளோ ஒரு சிலர். அக்காலத்து விமானக் கம்பனிகளின் பெரிய கவலை நிறையைப் பற்றியது. பொதிகளோடு பிரயாணிகளையும் தராசில் நிறுத்துப் பார்ப்பதும், விமானம் சமநிலை தவறாதிருக்க அவர்களை ஏற்றவாறு அமர்த்துவதும் உண்டு. 1936இற் சேவைக்கு வந்த புகழ்பெற்ற டீ.சி.-3 விமானத்திலேகூட 21 ஆசனங்களே இருந்தன. இருபத்தொரு பேர் ஏறுவதற்கு வரிசை எதற்கு? பெண்களுக்கும் முதியோருக்கும் வழிவிட்டு ஏனையோர் பின்னால் ஏறினர். வீட்டு வாயிலில் மக்கள் கடைப்பிடிக்கும் மரியாதையே விமான வாயிலிலும் போதுமாயிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் சேவைகளில் குறைந்த கட்டணமுள்ள உல்லாசப் பிரயாண வகுப்பு அறிமுகமாயிற்று. ஒரே விமானத்தில் உயர்ந்தோர், சாதாரணர் என்ற பிரிவு அதனால் வலுப்பெற்றது. 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி பான் அமெரிக்கன் கம்பனியின் போயிங் 707 ஜெட் விமானம் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நகருக்குப் பறந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரே முறையில் ஏற்றும் காலம் பிறந்தது.

அதே காலத்தில், பெரும்பாலோர் கவனியாத மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரையிற் பிரயாணிகள் வெயிலிலும் மழையிலும் திடலைக் கடந்து சென்று, விமானத்தோடு சாத்திய படிகளில் ஏறினர். முன்னும் பின்னும் படிகளைச் சாத்தினால் இரு வழியாக ஏறலாம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில் இந்தப் படிகளுக்குப் பதிலாக மூடிய நடைபாலங்கள் அமைக்கப்பட்டன. நிலையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து செல்ல இயலுமாயிற்று. வசதி பெரிது, ஆனால் பாலம் பொருந்துவது பெரும்பாலும் முன்பக்கத்துக் கதவோடு மாத்திரம். ஆகவே, அத்தனை பேரும் அந்த ஒரு வாயில் வழியாகவே புக வேண்டியதாயிற்று.

வாயிலுக்கு உள்ளே இருப்பது இன்னும் ஒடுங்கிய வழி. ஆசனங்களுக்கு நடுவேயுள்ள நடைவழியில் ஒருவரை ஒருவர் கடந்து செல்வது அரிது. ஐந்தாம் வரிசைக்குரிய ஒருவர் நின்று, தம் பெட்டியை மேலேயுள்ள தட்டில் வைக்க முயன்றுகொண்டிருக்கும்போது, இருபதாம் வரிசைக்குரியவர் அவர் பின்னால் நிற்கத்தான் வேண்டும். அவருக்குப் பின்னால் நடைபாலம் முழுவதும் மக்கள் நிற்கின்றனர். ஓரத்து ஆசனத்தில் ஏற்கெனவே அமர்ந்துவிட்டவர், யன்னலோரத்துக்கு உரியவர் வந்ததும் எழுந்து வெளியே வந்து வழிவிட வேண்டும். மீண்டும் ஒரு தடை. இவ்வாறு, ஏறும் வரிசை என்பது முதன்முறையாக ஒரு பிரச்சினையாயிற்று. சாக்கை நிரப்புபவன் அடியிலிருந்து நிரப்புவதுபோல, விமானத்தையும் பின்வரிசைகளிலிருந்து நிரப்புவதே முறை என்று பல கம்பனிகள் எண்ணின. பின்னாலுள்ளவர்கள் முதலில், முன்னாலுள்ளவர்கள் இறுதியில் என்ற வழக்கம் இவ்வாறு பரவியது. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பது பின்னரே தெரியவந்தது.

முந்தி வந்தவருக்கே முதலிடம் என்ற கொள்கையை இருவேறு சேவைகள் இருவேறு வகையிற் சோதித்துப் பார்த்தன. முதலாவது, 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி ஈஸ்டர்ன் கம்பனி தொடங்கிய சேவை. நியூயோர்க், பொஸ்டன், வாஷிங்டன் ஆகிய நகரங்களுக்கிடையே பறந்த அந்த விமானங்களுக்கு முன்பதிவு கிடையாது. வந்தவர் ஏறிக்கொள்ளலாம், கட்டணத்தை விமானத்திலேயே செலுத்தலாம். விமானம் நிரம்பிய பின் ஒரேயொரு பிரயாணி எஞ்சினாலும் அவருக்காக இன்னொரு விமானம் கொண்டுவரப்படும் என்று கம்பனி உறுதி கூறியிருந்தது. இடம் நிச்சயம் கிடைக்கும் என்பதை அறிந்தவனுக்கு முண்டியடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, பிரித்தானியரான பிரெடி லேக்கர் 1977ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே தொடங்கிய 'ஸ்கைட்ரெயின்' சேவை. இலண்டனிலிருந்து செல்வதற்கான கட்டணம் 59 பவுண் மாத்திரம். அதற்கும் முன்பதிவு இல்லை; வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். ஆனால் இங்கே மேலதிக விமானம் கிடையாது. 1978ஆம் ஆண்டுக் கோடை காலத்தில் கூட்டம் பெருகியபோது, மக்கள் தெருவோரங்களிற் படுத்துறங்கி நாட்கணக்கிற் காத்திருந்தனர். மாணவரும் தொழிலாளரும் பணத்தைக் கொண்டு வாங்க முடியாத பயணத்தைத் தங்கள் நேரத்தைக் கொண்டு வாங்கினர். வரிசை என்பது ஏழையின் நாணயம் என்ற உண்மை அங்கே வெளிப்பட்டது. அந்த நாணயம் செல்லும் இடம் எதுவாயினும், அங்கே செல்வனும் வறியவனும் ஓரளவு சமமாகின்றனர். ஏனெனில் ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரமே இருவருக்கும் உண்டு.

இக்கொள்கையை மிக நீண்ட காலம் காப்பாற்றியது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பனி. ரோலின் கிங் என்பவரும் ஹேர்ப் கெல்லஹர் என்ற வழக்கறிஞரும் 1967இல் அதனை நிறுவினர். போட்டிக் கம்பனிகள் தொடுத்த வழக்குகளினால் நான்கு ஆண்டுகள் தாமதமாகி, 1971ஆம் ஆண்டு ஜூன் 18ஆந் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தின் டலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களுக்கிடையே அதன் விமானங்கள் பறக்கத் தொடங்கின. அடுத்த ஆண்டிலேயே பணமுடை காரணமாக நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக் கொண்டு செய்ய வேண்டும். அதற்கு ஒரேயொரு வழிதான் இருந்தது. தரையில் இறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்துக்குள் மீண்டும் புறப்படச் செய்தல் வேண்டும். பூமியில் நிற்கும் விமானம் உழைப்பதில்லை. வானத்திற் பறக்கும் விமானமே உழைக்கிறது.

அந்தக் கம்பனியில் ஆசனங்களுக்கு இலக்கமிட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லை. முதலில் வந்தவருக்கு முதலாம் எண்ணுள்ள பிளாஸ்டிக் அட்டை. அடுத்தவருக்கு அடுத்த எண். அவ்வெண்களின்படி ஏறியவர்கள் விரும்பிய இடத்தில் அமர்ந்துகொள்ளலாம். ஏறிய பின் அட்டைகளை மீண்டும் வாங்கி அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்தினர். தம் ஆசனத்தின் இலக்கத்தைத் தேடித் தடுமாறுவோர் அங்கு இல்லை. நடைவழியில் ஓரிடம் அடைபட்டிருந்தால், நிற்பவர் அருகேயுள்ள வெற்று ஆசனத்தில் அமர்ந்துவிடலாம். பிந்தி வந்தால் இருவருக்கு நடுவே நெருக்கமாக இருக்க நேரிடும் என்ற அச்சம் எல்லோரையும் நேரத்துக்கு வரச்செய்தது. கம்பனித் தலைவரும் கல்லூரி மாணவரும் ஒரே வரிசையில் நின்றனர். மாட்டு மந்தையை ஓட்டுவது போன்றது என்று எள்ளி நகையாடியோரும் இருந்தனர். எனினும், அம்முறையை விரும்பி அதே கம்பனியில் மீண்டும் மீண்டும் சென்றோர் மிகப் பலர்.

இதற்கிடையில், ஏனைய கம்பனிகளின் வாழ்வைத் தலைகீழாக மாற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. 1938ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களும் வழிகளும் அரசாங்க சபையொன்றின் கட்டுப்பாட்டில் இருந்துவந்தன. 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. கட்டணங்கள் பொதுவாகக் குறைந்தன, போட்டி பெருகியது. வாடிக்கையாளரைத் தம்மோடு பிணைத்துவைக்கக் கம்பனிகள் புது வழிகளைத் தேடின. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் கம்பனி, பறந்த மைல்களைக் கணக்கிட்டுச் சலுகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது, மற்றவர்களும் பின்பற்றினர். நாளடைவில், அடிக்கடி பறப்போர் முதலில் அழைக்கப்படும் வழக்கம் நிலைபெற்றது. கோயிலில் உபயகாரருக்குக் காளாஞ்சி முதலிற் கிடைப்பதுபோல, கம்பனியின் உபயகாரருக்கு வாயில் முதலில் திறந்தது. இதுவும் ஒருவகையில் விலைதான். ஆனால் ஒரு பயணத்திற் செலுத்தும் விலையன்று, பல பயணங்களாற் சேர்த்த விலை.

பணத்துக்கு நேரடியாக முன்னிடத்தை விற்கும் வழக்கம் வலுப்பெற்றது இருபத்தோராம் நூற்றாண்டிலேயே. அதற்குக் காரணமாயிருந்தது ஆசனமன்று; ஆசனத்துக்கு மேலேயுள்ள தட்டு. 2008ஆம் ஆண்டில் எரிபொருளின் விலை என்றுமில்லாதவாறு உயர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கன் கம்பனி, விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றும் முதற் பொதிக்கே 15 டொலர் அறவிடத் தொடங்கியது. வேறு பல கம்பனிகளும் அவ்வாறே செய்தன. பொதிக்குக் கட்டணம் என்றதும் மக்கள் என்ன செய்வர்? இயன்ற மட்டும் யாவற்றையும் கையிலேயே எடுத்துச் சென்றனர். மேற்றட்டுக்கள் நிரம்பி வழிந்தன. பிந்தி ஏறியவருடைய பெட்டிக்கு இடமில்லை. அது அவர் கையிலிருந்து வாங்கப்பட்டு அடிப்பகுதிக்கு அனுப்பப்பட்டது. இறங்கிய பின் பொதிகள் வரும் இடத்தில் அவர் மீண்டும் காத்து நிற்க வேண்டும். இலக்கமிட்ட ஆசனம் உள்ளவன்கூட ஏன் முந்தி ஏற விரும்புகிறான் என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஆசனத்துக்கு இலக்கம் உண்டு. தட்டுக்கு இலக்கம் இல்லை. பந்திக்கு முந்த வேண்டிய காரணம் மீண்டும் பிறந்துவிட்டது.

தட்டில் இடம் போதாமைக்குப் பொதிக் கட்டணமே பெருங் காரணம். அந்தப் போதாமையிலிருந்து தப்பும் வழியையும் அதே கம்பனிகளே விலைக்கு விற்றன. ஐரோப்பாவின் ஈசிஜெட், ரயன்எயர் ஆகிய மலிவுக் கட்டணக் கம்பனிகள் ஆசனங்களுக்கு இலக்கமிடாமலிருந்த காலத்திலேயே முந்தி ஏறும் உரிமையை விற்றன. ஈசிஜெட் 2012ஆம் ஆண்டு நவம்பரிலும், ரயன்எயர் 2014ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் எல்லா ஆசனங்களுக்கும் இலக்கமிட்டன. அதன் பின் முந்தி ஏறும் உரிமைக்கு மதிப்பில்லாமற் போயிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 2018ஆம் ஆண்டில் ரயன்எயர், முந்தி ஏறும் உரிமையை வாங்கியவர்களே பெரிய கைப்பொதியை உள்ளே கொண்டு செல்லலாம் என்று விதித்தது. விற்கப்பட்டது பொதிக்குரிய இடமே என்பது அப்போது ஐயந்திரிபறத் தெளிவாயிற்று.

சவுத்வெஸ்ட் கம்பனியும் இக்காற்றிலிருந்து தப்பவில்லை. பிளாஸ்டிக் அட்டைகள் மறைந்து, ஏ, பீ, சீ என்ற பிரிவுகள் வந்தன. பயணத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன் இணையத்தின் மூலம் பதிவு செய்தோர் முதற் பிரிவிற் சேர்ந்தனர். விமான நிலையத்துக்கு முந்தி வருவதற்குப் பதிலாக, குறித்த நிமிடத்திற் கணனியின் முன் அமர்ந்திருப்பதே முந்துதல் என்றாயிற்று. 2007ஆம் ஆண்டு நவம்பரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண் வழங்கப்பட்டது. தூண்களின் அருகே எண்ணின்படி நின்று ஏறினர். தள்ளுமுள்ளு நீங்கியது நன்மையே. ஆனால், அதே மாதத்தில் அவ்வரிசையின் முதல் இடங்கள் கூடிய கட்டணம் தரும் வியாபாரப் பிரயாணிகளுக்கென ஒதுக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில், 10 டொலர் கொடுத்தோருக்குக் கணனியே மற்றவர்களுக்கு முன் பதிவு செய்துவிடும் திட்டம் வந்தது. அதிகாலையில் எழுந்து நிமிடத்தைப் பார்த்திருந்தவன் எண்ணைப் பார்த்தபோது, உறங்கிக் கிடந்து பணம் கொடுத்தவன் அவனுக்கு முன்னால் நின்றான்.

வரிசையை விற்கும் இந்த வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வரிசையை விரைவுபடுத்தும் வழியை ஆராய்ச்சியாளர் தேடிக்கொண்டிருந்தனர். 1970ஆம் ஆண்டு தொடக்கம் பிரயாணிகள் ஏறும் வேகம் பாதிக்கு மேற் குறைந்து, சில வேளைகளில் நிமிடத்துக்கு ஒன்பது பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டதென்று போயிங் கம்பனியின் பொறியியலாளர் 1998இல் எழுதினர். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கா வெஸ்ட் கம்பனியும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பின்பக்கத்து யன்னலோர ஆசனங்களில் தொடங்கி முன்பக்கத்து உட்புற ஆசனங்களில் முடியும் ஒரு முறையை வகுத்தனர். 2008ஆம் ஆண்டில், வானியல் அறிஞரான ஜேசன் ஸ்டெபன் கணனியின் உதவியோடு இன்னும் நுணுக்கமான ஒரு முறையைக் கண்டார். யன்னலோரத்தார் முதலில், அவர்களிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, பின்னிருந்து முன்னாக ஏற வேண்டும். அவ்வாறு ஏறினால், பலர் ஒரே சமயத்தில் ஒருவருக்கொருவர் இடையூறின்றித் தங்கள் பெட்டிகளைத் தட்டில் வைக்கலாம்.

பின்னர் அம்முறை உண்மையான மனிதரைக்கொண்டு சோதிக்கப்பட்டது. 12 வரிசைகளில் 72 ஆசனங்கள் கொண்ட மாதிரி விமானத்தில் 72 பேர் ஏறினர். முடிவுகள் 2012இல் வெளியாயின. பின்னிருந்து தொகுதி தொகுதியாக ஏறும் முறைக்கு 6 நிமிடம் 54 விநாடி சென்றது. எவ்வித ஒழுங்குமின்றி ஏறியபோது 4 நிமிடம் 44 விநாடியே சென்றது. ஸ்டெபன் கண்ட முறைக்கு 3 நிமிடம் 36 விநாடி போதுமாயிருந்தது. பல ஆண்டுகளாகக் கம்பனிகள் அறிவுக்குப் பொருந்தியதென நம்பிய முறை, ஒழுங்கின்மையிலும் தாழ்ந்தது என்பது இதனால் நிரூபணமாயிற்று. காரணம் எளிது. பின்வரிசையார் அனைவரையும் ஒருங்கே அனுப்பினால், அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நெருங்கி ஒருவரை ஒருவர் தடுக்கின்றனர். முன்பக்கத்து நடைவழி முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது.

அறிவியல் வழிகாட்டியும் உலகம் அவ்வழியில் முழுமையாகச் செல்லவில்லை. தாயையும் பிள்ளையையும் பிரித்து வெவ்வேறு வேளையில் ஏற்ற முடியாது என்பது ஒரு நியாயமான காரணம். மற்றக் காரணம் வேறு. விரைவான முறை யாதாயினும், அது ஆசனத்தின் இருப்பிடத்தைக்கொண்டு மனிதரை வரிசைப்படுத்துவது. விற்கப்படும் முறையோ பணத்தையும் பழக்கத்தையும் கொண்டு வரிசைப்படுத்துவது. இரண்டும் ஒரே வாயிலில் ஒத்துப்போக மாட்டா. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் யுனைடெட் கம்பனி யன்னல், நடு, ஓரம் என்ற ஒழுங்கை மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் சிறப்புரிமை பெற்றோர் யாவரும் ஏறிய பின்னரே அவ்வொழுங்கு தொடங்குகிறது. அமெரிக்கன் கம்பனி 2017இல் தன் பிரயாணிகளை ஒன்பது பிரிவுகளாக வகுத்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தன் முறைக்கு முன் வாயிலை அணுகுபவரைக் கணனி ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டை நூற்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்களுக்கு அது விரிவாக்கியது. விற்ற பொருளுக்குக் காவல் வேண்டுமல்லவா?

இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் விலைக்கு வராத ஓரிடம் வரிசையின் தலைப்பில் உண்டு. உடற்குறையுள்ளவர்களைப் பாரபட்சமாக நடத்தலாகாது என்று விமானக் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1986இல் நிறைவேறியது. ஏறுவதற்குக் கூடுதலான நேரமோ உதவியோ தேவை என்று வாயிலில் தெரிவிக்கும் உடற்குறையுள்ளவரை முதலில் ஏற்ற வேண்டுமென அச்சட்டத்தின் கீழான விதிகள் கூறுகின்றன. இது சலுகையன்று, உரிமை. சக்கர நாற்காலியில் வருபவர் நூறு பேர் நடுவே நெருங்குண்டு தம் ஆசனத்தை அடைதல் இயலாது. அவர் முதலில் ஏறுவதே அவருக்கும் மற்றவருக்கும் நன்மை.

வரிசையின் ஒவ்வோரிடத்துக்கும் விலை குறிக்கப்பட்டபோது இந்த இடமும் மாசுபடத் தொடங்கியது. நடக்க வல்லோர் சிலர் முந்தி ஏறுவதற்காகச் சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்குகின்றனர் என்ற முறைப்பாடு எழுந்தது. ஏறும்போது நாற்காலியில் வந்தவர், இறங்கும்போது விரைந்து நடந்து செல்கின்றார் என்று நகைத்தோரும் உண்டு. அந்நகைப்பினால் வருந்துபவர் ஏமாற்றுக்காரர் அல்லர். வெளித்தோற்றத்துக்குத் தெரியாத இருதய நோயோ மூட்டு நோயோ உள்ளவரே வருந்துகின்றார். எல்லோருடைய கண்ணும் அவர்மீது ஐயத்தோடு விழுகிறது. தேவைக்குரிய இடத்தின் அருகே விலைக்குரிய இடம் வந்தமர்ந்தால், தேவையும் ஒரு தந்திரமாகவே பிறர் கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. முந்தி ஏறும் உரிமையை விற்பதனால் விளையும் பெருந்தீங்கு இதுவே எனலாம். பத்து டொலர் கூடுதலாகச் செலவாவது அதனோடு ஒப்பிடுகையில் அற்பம்.

2024ஆம் ஆண்டில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் சவுத்வெஸ்ட் கம்பனியின் பங்குகளை வாங்கி, இலாபத்தைப் பெருக்குமாறு வற்புறுத்தியது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில், ஆசனங்களுக்கு இலக்கமிடப்போவதாகக் கம்பனி அறிவித்தது. தன் வாடிக்கையாளரில் நூற்றுக்கு 80 பேர் அதனையே விரும்புகின்றனர் என்றும் கூறியது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதிகளைக் கட்டணமின்றி ஏற்றும் அதன் புகழ்பெற்ற வழக்கம் பெரும்பாலான பிரயாணிகளுக்கு முடிவுற்றது. 2026ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி தொடக்கம், அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய திறந்த ஆசன முறை மறைந்தது. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற கொள்கையின் பெருங் கோட்டை இவ்வாறு விழுந்தது.

இதனைக் கேட்டு வருந்துவோரும் உளர், மகிழ்வோரும் உளர். பிள்ளைகளோடு செல்லும் தாய், ஆசனங்கள் அருகருகே கிடைக்குமோ என்று இனி அஞ்ச வேண்டியதில்லை. கணனியின் முன் நிமிடத்தை எண்ணிக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. பழைய முறையிலும் குறையுண்டு. நேரமில்லாத தொழிலாளிக்கும், இணையத்தைக் கையாள அறியாத முதியவருக்கும் அது இரங்கவில்லை. ஆயினும், அம்முறையில் ஒவ்வொருவரும் மற்றவர் ஏன் தமக்கு முன்னால் நிற்கிறார் என்பதை அறிந்திருந்தனர். அவர் முந்தி வந்தார், அவ்வளவுதான். புதிய முறையில், முன்னால் நிற்பவர் எந்த அட்டையினால், எந்தக் கட்டணத்தினால், எத்தனை பயணத்தினால் அங்கே நிற்கிறார் என்பதை எவரும் அறியார். காரணம் புலப்படாத வரிசையிற் பொறுமையோடு நிற்பது மனிதருக்கு அரிது.

டாம்பா வளைகுடாவின் கரையில் 1914இல் நடந்த ஏலத்தில் விற்கப்பட்டது ஒரேயோர் ஆசனம். அதுவும் எல்லோரும் காண, ஒரேயொரு முறை. அதனால் எவருடைய இடமும் பறிபோகவில்லை. பிற்காலத்தில் நாள்தோறும் விற்கப்படுவது பிறர் இடத்துக்கு முன்னுள்ள இடம். ஒருவர் முந்தினால் மற்றொருவர் பிந்தத்தான் வேண்டும். எனவே, அதனை விற்பவருக்கு ஒரு கடமை உண்டு. விலை கொடுப்பவருக்கு எவ்வளவு முன்னிடத்தையும் கொடுக்கலாம். தேவையுடையவரின் இடத்தை மாத்திரம் தொடலாகாது. பணம் கொடாதவருக்கும் தம் சிறு பொதியை வைக்க ஓரிடமும், தம் பிள்ளையின் அருகில் அமர ஓர் ஆசனமும் எஞ்சியிருத்தல் வேண்டும். அவ்வளவையும் காப்பாற்றிய பின்னர், 400 டொலர் கொடுத்து முதல்வனாக ஏற விரும்புபவர் ஏறட்டும். கதவு மூடப்பட்டதும் அவரும் மற்றவரும் ஒரே விமானத்தில், ஒரே நேரத்திலேயே பறக்கப்போகின்றனர்.